நாலாவது கம்பி

கார்த்திகை மழைக்குக் கதவடைத்து
கரியடுப்பை உள்ளே வைத்துப் படுத்த இரவு
மகன் எழுந்து வாந்தி எடுத்தான்.
என் தலைக்குள் யாரோ நங்கூரம் இறக்கினார்கள்.
தாழ்ப்பாள் பழுதாய் இருந்தது.
காற்று கதவைத் தள்ளியது.
அவ்வளவுதான், பிழைத்தோம்.

கருவைக் கரி கண்ணைக் கரிக்காது,
இருமல் தராது. அதனால்தான் நம்பினேன்.
"மணமில்லாமலே கொல்லும்" என்றாள்
சாயல்குடி ஆஸ்பத்திரி நர்ஸ்,
ஊசியைப் பார்த்தபடி.

ஏழு மாதம் பாசிக்காசு சேர்த்தேன்.
விரல் நுனியெல்லாம் துணி சுற்றி
தீவுப்பக்கம் முங்கி முங்கி எடுத்த கஞ்சிப்பாசி.
அது ஓர் இரும்படுப்பாயிற்று,
பன்னிரண்டடிக் குழாயாயிற்று,
குழாய்க்கு ஒரு தொப்பி
கடனாயிற்று.

பொருத்த வந்தவன் தஸ்நேவிஸ்.
மூக்கையூர்ப் படகுகளுக்கு எஞ்சின் மாட்டுகிறவன்.
புகைக்குழாய் அவனுக்குப் புதுசு,
மறைக்கவும் தெரியவில்லை.
"கூரைக்குள்ள நேரே விட்டுருவோம்க்கா,
மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்."
நான் அண்ணாந்து பனையோலையைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
பிறகு சுவருக்கு உளி எடுத்தான்.

துளை, குழாயைவிட அகலம்.
குழாய் சுவரைத் தொடாமல் தகர வளையம்,
ஓலை விளிம்பிலிருந்து நன்றாய் விலக்கி
நிமிர்த்தினோம் வெளியே.
அடுப்புக்கடியில் இரண்டு வரிசைச் செங்கல்.
முன்னால் மூன்றடி வெறுந்தரை.
இதற்குள் வலை வராது, விறகு வராது,
காய்கிற பாவாடையும் வராது என்று
சுண்ணாம்பால் கோடு கிழித்தேன்.
மகன் அதைப் பாண்டிக்கோடு என்று நினைத்து
ஒற்றைக்காலில் தாண்டினான்.
அடித்தேன். லேசாக.

கூரை உச்சிக்கு மேல் மூன்றடி தலை தூக்கியதும்
கச்சான் பிடித்துக்கொண்டது குழாயை.
பாய்மரம் போல முனகியது அது.
மூன்று பக்கம் கம்பி இழுத்தோம்:
வேம்பு, முளைக்கட்டை, துவைகல்.
போதவில்லை.
கச்சானை எதிர்த்து இழுக்க
மேற்கே ஒரு பிடி வேண்டும்.

மேற்கே சந்தியாகம்மா வீடு.

இரண்டு வருடம் முன்பு
அவள் ஆடு என் பாசியை மிதித்தது.
நான் கல் எறிந்தேன்.
ஆடு இன்னும் நொண்டுகிறது.

தஸ்நேவிஸ் ஏணியில் நின்றபடி
கடலைப் பார்க்கத் தொடங்கினான்.

போனேன்.
நகரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
இரண்டு வருடத்துக்குப் பிறகு
அவளிடம் என் முதல் சொல்:
"கம்பி."

"எங்க கட்டணும்?"
"ஒங்க பனையில."
"பனை ஆடும். கல்தூண்ல கட்டு."
கத்தி நிற்கவில்லை.
"இப்ப கச்சான், சரி.
ஐப்பசியில கொண்டல் திரும்புமே,
பொறி எந்த ஓலைக்கு வரும்?"

எனக்குப் பதில் இல்லை.
ஏழு மாதமும் நான் என் கூரையைத்தான்
அளந்துகொண்டிருந்தேன்.

எழுந்துபோய்
இறால் சலிக்கும் பழைய கம்பிச் சல்லடையைக் கொண்டுவந்தாள்.
"தொப்பியச் சுத்திக் கட்டச் சொல்லு.
கரி அடைக்கும், மாசம் ஒருக்கா தட்டணும்."
ஆட்டைப் பற்றி அவள் பேசவில்லை.
நானும்.

பொழுதிறங்க,
கடுதாசி கொளுத்திக் குழாயை முதலில் சூடாக்கினோம்.
ஊதுபத்தியை அடுப்பு வாயில் பிடித்தான் தஸ்நேவிஸ்.
நூல் போன புகை
ஒரு கணம் என் பக்கம் திரும்பி,
யோசித்து,
உள்ளே போயிற்று.

அன்று ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்துப் படுத்தேன்.
இனி மழையானாலும் அந்த ஒரு சாண்.
மகன் மூச்சை எண்ணினேன்,
எங்கோ விட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

விடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து:
"ஒன் கம்பி ராவெல்லாம் ஊளையிடுது,
கண்ண மூட விடல."

தூணடியில் போய் நின்றேன்.
விரலில் சுற்றும் பாசித்துணியை அவிழ்த்து
துடித்துக்கொண்டிருந்த கம்பியில்
சுற்றினேன், இறுக்கமாக.
நொண்டி ஆடு வந்து
துணி நுனியை மோந்து பார்த்தது.
உப்பாய் இருந்திருக்கும்.